கோவில்பட்டியில ஞாயித்துக்கிழமை சிறுகதை வகுப்பு: எட்டு வாரம் முழுசா உக்காந்துட்டு எழுதுறேன்

நான் ஒரு தமிழ் டீச்சர், அரசு உதவி பெறும் பள்ளியில ஒம்பது பத்து எடுக்குறேன், பதினாலு வருஷம் ஆச்சு. என் மக இந்த வருஷம் பத்தாவது. அவளச் சேத்துவிடத்தான் இந்த வகுப்புக்குப் போனேன், மொத நாளு பின்னாடி உக்காந்து பாக்கலாமான்னு கேட்டேன், தாராளமா உக்காருங்க டீச்சர்னு சொன்னாங்க, அப்படியே எட்டு ஞாயிறும் நானும் உக்காந்துட்டேன். நடத்துறவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், பேரு போட வேண்டாம்னு அவரே கேட்டுக்கிட்டாரு அதனால பசங்க கூப்பிடுற மாதிரி ஐயான்னே எழுதுறேன். நெறைய பேரு என்கிட்ட போன்ல கேக்குறீங்க எப்படி இருக்கு, சேக்கலாமா, மார்க் வருமான்னு, எல்லாருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு இங்கயே விரிவா எழுதிடுறேன்.

மொதல்ல விவரம். எட்டு ஞாயித்துக்கிழமை, காலையில பத்து மணியில இருந்து ஒரு மணி வரைக்கும், ஒரு மாடி ரூம்ல. எங்க பேட்சுல இருபத்தஞ்சு பிள்ளைங்க, ஒம்பதாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் கலந்து. ஃபீஸ் மொத்தமா 1200 ரூபா, தீப்பெட்டி ஆபீஸ்க்கு வேலைக்குப் போறவங்க பிள்ளைங்களுக்குப் பாதி, அதுவும் முடியலன்னா சும்மா வாங்கன்னு சொல்லிருக்காங்க, எங்க பேட்சுல யாரு முழுசாக் கட்டுனா யாரு கட்டலன்னு கடைசி வரைக்கும் எங்க யாருக்கும் தெரியாது, அதுவே எனக்குப் பெரிய விஷயமாப் பட்டுச்சு. நடுவுல டீயும் கடலமிட்டாயும் உண்டு.

என்ன சொல்லித் தராங்கன்னா, ஒரு சிறுகதைய எடுத்துக்கிட்டு அதுல எழுத்தாளர் என்னென்ன உத்தி பண்ணிருக்காருன்னு கண்டுபிடிக்கிறது, அது கதைக்கு என்ன பண்ணுதுன்னு எழுதுறது. குறியீடு, முரண், நோக்குநிலை (கதைய யாரு கண்ணு வழியாச் சொல்றாங்கங்கிறது), முன்னுணர்த்தல் (பின்னாடி நடக்கப் போறத முன்னாடியே கோடி காட்டுறது), நனவோடை (மனசுல ஓடுறத அப்படியே எழுதுறது) இதெல்லாம் தான். இத நானும் பள்ளிக்கூடத்துல நடத்துறவ தான். எப்படி நடத்துனேன்னும் சொல்லணும், ஏன்னா அதச் சொல்லாம இந்த வகுப்புல எனக்கு என்ன கெடச்சுதுன்னு சொல்ல முடியாது. நான் போர்டுல ஒரு கட்டம் போடுவேன், இடது பக்கம் உத்தியோட பேரு, வலது பக்கம் கதையில இருந்து உதாரணம், பிள்ளைங்க நிரப்புவாங்க. நோட்ஸ் புக்குல இருக்குற மாதிரியே ‘ஆசிரியர் குறியீட்டைச் சிறப்பாகக் கையாண்டுள்ளார்’னு எழுதுவாங்க, நானும் டிக் போடுவேன். எட்டு மார்க் நெடுவினாவுக்கு முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை இருந்தா ஆறு ஏழு மார்க் வந்துரும். அந்த வரிய எந்தக் கதைக்கு வேணும்னாலும் போடலாம்ங்கிறது எனக்குத் தெரியும், ஆனா நேரம் இல்ல, போர்ஷன் முடிக்கணும், அப்படியே வருஷம் ஓடிப்போச்சு.

இங்க மொத நாளே ஐயா ஒரு சட்டம் போட்டுட்டாரு. நாலு வாரத்துக்கு யாரும் எந்த உத்தி பேரும் சொல்லக்கூடாது. குறியீடுங்கிற வார்த்தைய வாயில இருந்து எடுக்கக்கூடாது. கதைய வாசி, உனக்கு என்ன ஆச்சுன்னு சொல்லு, எந்த வரியில ஆச்சுன்னு விரல் வை. அவ்வளவு தான். "விரல் வை"ன்னா நெசமாவே விரல் வைக்கணும், எல்லாருக்கும் கதை ஜெராக்ஸ் குடுத்துருப்பாங்க, பையன் எந்திரிச்சு நின்னு அந்தப் பேப்பர்ல விரல வச்சுக்கிட்டு வாசிச்சுக் காட்டணும். "ஐயா மொத்தமா சோகமா இருந்துச்சு"ன்னு சொன்னா ஒத்துக்க மாட்டாரு, "மொத்தமால்லாம் ஒண்ணும் இல்ல தாயி, எங்க வச்சு உனக்குத் தொண்டைய அடைச்சுது, அங்க வை விரல"ம்பாரு.

ரெண்டாவது வாரம் கி. ராஜநாராயணனோட ‘கதவு’. எங்க பக்கத்துக் கதை, இடைசெவல் இங்க இருந்து பஸ்ல ஏறுனா கொஞ்ச நேரத்துல வந்துரும், அதே இடைசெவல்காரரு தான் கு. அழகிரிசாமியும், ரெண்டு பேரும் ஒரே ஊருங்கிறது எங்க பிள்ளைங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. கதை தெரியாதவங்களுக்கு, ஒரு ஏழை வீட்டுப் பிள்ளைங்க வீட்டுக் கதவுல ஏறி நின்னு முன்னும் பின்னும் ஆட்டி பஸ் விளையாடுறாங்க, டிக்கெட் எல்லாம் குடுக்குறாங்க, அப்புறம் தீர்வை (வரி) பாக்கிக்காக தலையாரி ஆளுங்களோட வந்து அந்தக் கதவக் கழட்டிட்டுப் போயிடுறாரு. கடைசியில அந்தக் கதவ ஓரிடத்துல கேட்பாரத்துக் கெடக்கப் பாத்து பிள்ளைங்க அதப் பிடிச்சுக்கிட்டு நிக்குறாங்க.

இந்தக் கதைய நான் பல தடவ நடத்திருக்கேன். கதவுன்னா வறுமையோட குறியீடு, எழுதிக்கோங்கன்னு சொல்லிருக்கேன். இங்க என்ன நடந்துச்சுன்னு பாருங்க.

ஐயா கேட்டது ஒரே கேள்வி. "இந்தக் கதவ யாரு யாரு பாக்காங்க, ஆளுக்கு என்னவாத் தெரியுது?" பிள்ளைங்க ஒவ்வொண்ணாச் சொல்லுதுங்க. அந்த வீட்டுப் பையன் சீனிவாசனுக்கு அது பஸ். பொண்ணு லட்சுமிக்கும் பஸ் தான். அம்மாவுக்கு அது வாடக்காத்த மறைக்கிற மறைப்பு, கைக்குழந்தை இருக்குற வீடு. தலையாரிக்கு அது பாக்கித் தொகை. ஐயா அத போர்டுல எழுதல, கேட்டுக்கிட்டே நிக்காரு. அப்ப கடைசி பெஞ்சுல ஒரு பையன், ஒம்பதாவது, அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல லேபிள் ஒட்டுறவங்க, அவன் எந்திரிச்சு விரல் வச்சான். கதைத் தொடக்கத்துல லட்சுமி ஒரு தீப்பெட்டிப் படத்தக் கொண்டு வந்து அந்தக் கதவுல ஒட்டுவா, அந்த இடத்துல. "ஐயா, கதவு அவங்க தாத்தா காலத்துக் கதவு, ஆனா அந்தப் படம் அவளே ஒட்டுனது. அவங்க கதவத் தூக்கிட்டுப் போகும்போது அந்தப் படமும் சேந்து போகுதுல்ல, அதுக்குத் தீர்வை கெடையாதுல்ல"ன்னான்.

ரூம்ல சத்தமே இல்ல. எனக்கு முதுகு சிலுத்துப் போச்சு. பதினாலு வருஷத்துல அந்த தீப்பெட்டிப் படத்தப் பத்தி நான் ஒரு கேள்வி கூட கேட்டதில்ல, அதக் கடந்து போயி ‘வறுமை’ன்னு எழுதிப் போட்டுருக்கேன். எங்க ஊருல தீப்பெட்டி லேபிள் எல்லார் வீட்லயும் கெடக்கும், சின்னதுல நாங்களே சேத்து வச்சிருக்கோம், அப்படி இருந்தும் கண்ணுல படல.

ஐயா அதுக்கும் "சபாஷ்"னு சொல்லிட்டு விடல. "சரி, அந்தப் படம் ஒட்டுற வரிய மட்டும் எடுத்துட்டு வாசிச்சுப் பாப்போம்"னாரு. பென்சில்ல அடிச்சுட்டு எல்லாரும் மறுபடி வாசிச்சாங்க. கதை அப்படியே தான் இருக்கு, ஒண்ணும் உடையல, ஆனா கடைசியில பிள்ளைங்க கதவப் பிடிக்கிற இடத்துல கொஞ்சம் கொறையுது. எவ்வளவு கொறையுதுன்னு வாயால சொல்லச் சொன்னாரு. ஒருத்தி சொன்னா, படம் இல்லன்னா அது வீட்டுக் கதவு, படம் இருந்தா அது லட்சுமியோட கதவுன்னு. இந்த ‘எடுத்துட்டு வாசி’ங்கிற வேலை தான் இந்த வகுப்புல நான் கத்துக்கிட்ட பெரிய விஷயம். ஒரு உத்தி எதுக்கு இருக்குன்னு தெரியணும்னா அத எடுத்துட்டுப் பாக்கணும். உவமைய எடுத்துட்டு வாசி, ‘நான்’ங்கிறத ‘அவன்’னு மாத்தி வாசி, கடைசிப் பத்திய முன்னாடி கொண்டு போயி வாசி. எது கொறையுதோ அது தான் அந்த உத்தி பண்ணுன வேலை.

இன்னொண்ணு, இது தமிழ் டீச்சர்மார் எல்லாரும் கவனிக்க வேண்டியது. ‘என்ன ஆச்சு’ன்னு கேட்டா பிள்ளைங்களுக்கு வார்த்தை வராது, சோகம், சந்தோசம், ஒரு மாதிரியா இருந்துச்சு, இவ்வளவு தான் வரும். அதுக்கு ஐயா தொல்காப்பியத்துல இருக்குற மெய்ப்பாட்டக் கொண்டு வந்தாரு, மெய்ப்பாடுன்னா உடம்புல வெளிய தெரியுற உணர்ச்சி. நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவா நெனைக்கிறது), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி), எட்டு. நாம இத பி.ஏ.ல பி.எட்.ல மனப்பாடம் பண்ணி எழுதி மார்க் வாங்கிட்டு அங்கயே விட்டுட்டு வந்துட்டோம். தொல்காப்பியர் ஒவ்வொண்ணும் எதுல இருந்து பொறக்குதுன்னு நாலு நாலாச் சொல்லிருக்காரு, அழுகை எதுல பொறக்கும்னா இளிவு, இழவு (இழப்பு), அசைவு (தளர்ச்சி), வறுமை. உவகை செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. இப்ப ‘கதவு’க்குத் திரும்பி வந்து பாத்தா கதை விளையாட்டுல பொறந்த உவகையில ஆரம்பிச்சு இழவுலயும் வறுமையிலயும் பொறந்த அழுகைக்குப் போகுது, ரெண்டுக்கும் ஒரே பொருள், அந்தக் கதவு. இத ஐயா சொல்லல, என் மக சொன்னா, இந்த எட்டும் எழுதுன சார்ட்டப் பாத்துக்கிட்டே. பெத்தவளா எனக்கு அன்னைக்கு எப்படி இருந்திருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

மூணாவது வாரம் கு. அழகிரிசாமியோட ‘ஒருவன் இருக்கிறான்’. பத்தாம் வகுப்புப் பாடத்துலயே இருக்கு அதனால பிள்ளைங்க எல்லாம் தெரிஞ்ச கதைன்னு தெம்பா வந்துச்சுங்க. பக்கத்து வீட்டுக்கு வைத்தியத்துக்காக வந்த குப்புசாமின்னு ஒரு நோயாளி, அவனப் பாத்தாலே கதை சொல்றவருக்கு எரிச்சல், இவனுக்குன்னு ஒரு நாதி இருக்கான்னு நெனப்பு. அப்ப காஞ்சிபுரத்துல இருந்து அவனோட கூட்டாளி ஒரு கடுதாசியும் மூணு ரூபாயும் குடுத்தனுப்புறான். அதுக்கப்புறம் கதை சொல்றவரு முன்ன மாதிரி இருக்க முடியல.

நான் இதுக்கு நடத்துறது மனிதநேயம். நோட்ஸ்லயும் மனிதநேயம். ஐயா கேட்டது, "குப்புசாமி எப்படிப்பட்ட ஆளு?" பிள்ளைங்க அழுக்கு, சீக்காளி, பேசத் தெரியாதவன், இப்படிச் சொல்லுதுங்க. "இத உனக்கு யாரு சொன்னா?" "கதையில இருக்கு ஐயா." "கதையில யாரு சொன்னா?" கொஞ்ச நேரம் முழிச்சுட்டு ஒரு பையன் "அந்த நான் சொன்னாரு"ன்னான். "அவர ஏன்லே நம்புன?" அவ்வளவு தான் கேட்டாரு. அந்த ஒரு கேள்விக்கு அரை மணி நேரம் பேச்சு ஓடுச்சு. குப்புசாமி கதை பூராவும் அதே குப்புசாமி தான், மாறினது ‘நான்’ மட்டும் தான், நம்மளும் அந்த ‘நான்’ கூடவே சேந்து அந்த நோயாளிய அருவருப்பாப் பாத்துட்டோம், கடுதாசி வந்ததும் நம்ம மூஞ்சியத் தொங்கப் போட வேண்டியதாப் போச்சு. இந்தக் கதைய ‘அவர்’னு வெளியில நின்னு சொல்லிருந்தா நாம தப்பிச்சிருப்போம், யாரோ ஒருத்தரு திருந்துனாருன்னு வாசிச்சிட்டுப் போயிருப்போம். தொல்காப்பியத்துல இளிவரல் பொறக்குறது மூப்பு, பிணி, வருத்தம், மென்மைன்னு இருக்கு, பிணிங்கிறது குப்புசாமி, ஆனா கடைசியில அந்த இளிவரல் யாரு மேல வந்து உக்காருதுன்னு கேட்டாரு. பிள்ளைங்க ‘நான்’ மேலன்னு சொல்லுச்சு, ஒரு பொண்ணு மட்டும் "எம்மேலயும் தான் ஐயா"ன்னா.

அப்புறம் தலைப்பு. ‘ஒருவன் இருக்கிறான்’னா யாரு அந்த ஒருவன்னு கேட்டதுக்கு பாதிப் பேரு கூட்டாளின்னாங்க. ஒரு பையன் மேல கையக் காட்டி "எங்க ஆச்சி சொல்லும், எல்லாத்துக்கும் மேல ஒருத்தன் இருக்காம்னு"ன்னான். இன்னொருத்தன் குப்புசாமின்னே ஒருத்தன் இருக்கான், அவனக் கண்ணெடுத்துப் பாருங்கன்னு சொல்ற மாதிரியும் இருக்குன்னான். எது சரின்னு ஐயா தீர்ப்பு சொல்லல, ஒவ்வொருத்தரும் கதையில எங்க விரல் வைக்க முடியுதோ அத வச்சுக் காட்டுங்கன்னாரு, விரல் வைக்க எடம் இருந்தா சரி.

நாலு வாரம் முடிஞ்சு அஞ்சாவது வாரத்துல தான் பேருங்க வந்துச்சு. அதுவரைக்கும் பிள்ளைங்களே ஆளுக்கொரு பேரு வச்சுக்கிட்டாங்க, கதவு மாதிரி வர்றத ‘சுமக்குற பொருள்’னு ஒரு பொண்ணு பேரு வச்சா, எல்லாரும் அதையே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அஞ்சாவது வாரம் ஐயா அது தான் குறியீடு, இது தான் தன்மை நோக்குநிலை, அது முரண்னு எழுதிப் போட்டதும் பிள்ளைங்க "ஓ இதா அது"ன்னு சிரிச்சதப் பாக்கணும். ஏற்கனவே பழகின ஆளுக்குப் பேரு தெரிஞ்ச மாதிரி. இதே பேருங்கள நான் மொத நாளே எழுதிப் போடும்போது என் வகுப்புல ஒரு மூஞ்சியிலயும் அந்த வெளிச்சத்த நான் பாத்ததில்ல. உள்ளுறை, இறைச்சிங்கிற சங்கப் பாட்டு உத்திகளும் அன்னைக்குத் தான் வந்துச்சு, சங்கப் பாட்டுல கருப்பொருள (அந்த நிலத்து மரம், பறவை, மிருகம் மாதிரி) வச்சு வெளியில சொல்லாம ஒண்ணச் சொல்ற மாதிரி தான் தீப்பெட்டிப் படமும்னு ஒரு பாலம் போட்டாரு, பன்னெண்டாவது பிள்ளைங்க அதக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க, ஒம்பதாவதுக்குக் கொஞ்சம் தூரம் தான்.

ஆறாவது வாரம் ரெண்டு கதை, ரெண்டுமே ஒம்பதாம் வகுப்புப் பாடத்துல உள்ளது. கந்தர்வனோட ‘தண்ணீர்’ சீக்கிரம் முடிஞ்சிருச்சு, கதையில வர்ற பொண்ணு இந்திரா தண்ணிக்குடத்தோட தண்டவாளத்து வழியா நடந்து வர்ற எடத்துல எங்க ஊரு பிள்ளைங்களுக்கு விளக்கமே தேவப்படல, குடம் என்ன குறியீடுன்னு ஒருத்தன் ஆரம்பிச்சதும் இன்னொருத்தி "குடம் குடம் தான், வீட்ல தண்ணி இல்ல"ன்னா, ஐயா அதையும் ஏத்துக்கிட்டாரு, எல்லாத்தையும் குறியீடாக்க வேண்டாம்னு சொன்னாரு. இது எனக்கு ரொம்பப் பிடிச்சுது, உத்தி படிச்ச பிள்ளைங்க பாக்குற எல்லாத்தையும் குறியீடும்பாங்க, அதத் தடுக்கவும் ஆள் வேணும். தி. ஜானகிராமனோட ‘செய்தி’ தான் நேரம் எடுத்துச்சு. ஒரு வித்வான் நாகசுரத்த வாசிக்கிறாரு, வெளிநாட்டுக்காரர் போல்ஸ்கா கேக்குறாரு, நமக்கோ காதுல ஒண்ணும் கேக்காது, வெறும் பேப்பர். அப்ப இசைய எப்படிக் கேக்க வைக்கிறாருன்னு விரல் வைக்கச் சொன்னாரு. பிள்ளைங்க விரல் வச்ச இடம் எல்லாமே போல்ஸ்காவோட உடம்பு, கண்ணு மூடுறது, ஆடுறது, கைய நீட்டுறது. வாசிச்ச நாதத்தப் பத்தி எழுதுறதவிட கேட்டவன் உடம்பப் பத்தி எழுதித் தான் நம்மள நம்ப வைக்கிறாரு. அப்புறம் ஐயா போன்ல கதையில வர்ற ‘சாந்தமுலேக’ கீர்த்தனையப் போட்டுவிட்டாரு, சாமா ராகம், பிள்ளைங்க பாதிப் பேரு நாகசுரத்த கல்யாண வீட்ல தவிர வேற எங்கயும் உக்காந்து கேட்டதில்ல, ஜன்னல் வெளியில ஆட்டோ சத்தத்தோட அஞ்சு நிமிஷம் அமைதியாக் கேட்டாங்க. அதுக்கப்புறம் கதைய மறுபடி வாசிச்சோம்.

இப்ப கொறைங்க. நல்லத மட்டும் எழுதுனா நம்பிக்கையா இருக்காது, எனக்கு உண்மையிலயே வருத்தம் இருந்த விஷயங்க இருக்கு.

மொதல்ல, எட்டு வாரத்துல எடுத்த கதைங்கள்ல ஒரு பொண்ணு எழுதுன கதை கூட இல்ல. இருபத்தஞ்சு பிள்ளைங்கள்ல பதினாறு பொண்ணுங்க. எழுத்தாளர் அம்பை இருக்காங்க, ஆர். சூடாமணி கதைங்க இருக்கு, வீட்டுக்குள்ள நின்னு பாக்குற நோக்குநிலை எப்படி இருக்கும்னு காட்ட அவங்கள விட்டா வேற யாரு. நான் ஆறாவது வாரம் ஐயாகிட்ட நேராவே சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "நான் படிச்ச வரிசையில அப்படியே எடுத்துட்டேன் டீச்சர், தப்பு தான், அடுத்த பேட்சுக்கு நீங்களே ரெண்டு கதை எடுத்துக் குடுங்க"ன்னாரு. குடுத்துருக்கேன். ஆனா எங்க பேட்ச் பிள்ளைங்களுக்கு அது கெடைக்கலங்கிறது மனசுல இருக்கு.

ரெண்டாவது, ஏழாவது வாரம் நனவோடை. அது ரொம்ப அவசரமாப் போச்சு, மௌனிங்கிற எழுத்தாளரோட ஒரு கதைய எடுத்தாரு, ஒம்பதாவது பத்தாவது பிள்ளைங்களுக்கு அது சுத்தமாப் பிடிபடல, யாரு பேசுறா, இது நெனப்பா நடப்பான்னு தவிச்சுப் போயிட்டாங்க, விரல் வைக்கச் சொன்னா எங்க வைக்கன்னே தெரியல. மூணு மணி நேரத்துல அது முடியுற காரியமும் இல்ல. அன்னைக்கு என் மக வீட்டுக்கு வந்து "எனக்கு மூளை இல்லயோ"ன்னு கேட்டா, அது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. அத அடுத்த வாரம் ஐயாகிட்ட சொன்னதும் எட்டாவது வாரம் மொத அரை மணி நேரம் எல்லாரையும் நேத்து ராத்திரி தூங்குறதுக்கு முன்னாடி மனசுல ஓடுனத நிறுத்தாம எழுதச் சொன்னாரு, புள்ளி வைக்காம. எழுதுனத அவங்களே வாசிச்சுப் பாத்ததும் அந்தக் கதைக்குள்ள கொஞ்சம் போக முடிஞ்சுது. இத ஏழாவது வாரமே மொதல்ல செஞ்சிருக்கணும்.

மூணாவது, எழுதுற பயிற்சி பத்தாது. பேசுறதுல பிள்ளைங்க எங்கயோ போயிட்டாங்க, ஆனா பேசுனத ஒரு பத்தியா எழுதச் சொன்னா மறுபடி ‘சிறப்பாகக் கையாண்டுள்ளார்’ வந்து உக்காந்துக்குது. ஐயா ஒரு வழி வச்சிருக்காரு, என்ன ஆச்சு, எந்த வரி, அத எடுத்துட்டா என்ன கொறையும், கடைசியில பேரு, இந்த வரிசையில நாலு வாக்கியம் எழுதணும். நல்ல வழி தான். ஆனா எட்டு வாரத்துல மூணு தடவ தான் எழுத வச்சாரு, திருத்திக் குடுத்தது ரெண்டு தடவ. வாரம் ஒண்ணாவது எழுதணும்.

மத்ததெல்லாம் சின்னது. ரூம்ல ரெண்டு ஃபேன், ஒண்ணு சுத்தும், பதினோரு மணிக்கு மேல வெக்கை தாங்காது, தண்ணி பாட்டில் கொண்டு போங்க. ஒரு மணின்னு சொல்லி ஒன்றரைக்குத் தான் விடுவாரு, வெளியூர்ல இருந்து வர்ற பிள்ளைங்களுக்கு பஸ் போயிடுது.

மார்க் விஷயம். பத்தாவது பன்னெண்டாவது பெத்தவங்க இதத் தான் மொதல்ல கேப்பீங்க. இது டியூஷன் கெடையாது, கேள்வித்தாள் பயிற்சி எதுவும் இல்ல. அத எதிர்பாத்து சேக்காதீங்க, ஏமாந்து போவீங்க. எங்க பேட்சுல மூணு பேரு மூணாவது வாரத்தோட நின்னுட்டாங்க, அவங்க பெத்தவங்களக் கொற சொல்ல முடியாது, பரீட்சை பக்கத்துல இருக்கு. என் மக விஷயத்துல நான் பாத்தத மட்டும் சொல்றேன், காலாண்டுல அவ நெடுவினாவுக்கு நோட்ஸ மனப்பாடம் பண்ணுனா, அரையாண்டுக்கு மனப்பாடம் பண்ணல, கதைய ரெண்டு தடவ வாசிச்சுட்டுப் போயி சொந்தமா எழுதிட்டு வந்தா. மார்க் ஒண்ணு கொறஞ்சுது. நான் அவ பேப்பர வாங்கி வாசிச்சேன், ‘ஒருவன் இருக்கிறான்’ கேள்விக்கு, குப்புசாமிய நாம கதை சொல்றவரோட கண்ணு வழியாத் தான் பாக்குறோம், அதனால கடுதாசி நமக்கும் சேத்து வந்ததுன்னு எழுதிருந்தா. அந்த ஒரு மார்க் போனதுல எனக்குத் துளி வருத்தம் இல்ல. திருத்துனவங்கள நான் தப்பு சொல்ல மாட்டேன், விடைக்குறிப்புல அது இருக்காது, நானா இருந்தாலும் போன வருஷம் கொறச்சிருப்பேன்.

என் வகுப்புல இப்ப நான் அந்தக் கட்டம் போடுறத நிறுத்திட்டேன். நாப்பத்தஞ்சு நிமிஷ பீரியட்ல, நாப்பது பிள்ளைங்கள வச்சுக்கிட்டு ஐயா மாதிரி பண்ண முடியாது, அது நெசம். நான் பண்றது ஒண்ணு தான், எந்தக் கதை எடுத்தாலும் கடைசிப் பத்து நிமிஷம் புத்தகத்துல விரல் வைக்கச் சொல்றேன். போன வாரம் சா. கந்தசாமியோட ‘பாய்ச்சல்’ எடுத்தேன், அனுமார் ஆட்டக்காரர் பின்னாடியே போற பையன் அழகு கடைசியில தானே ஆடுற கதை. எப்பவும் வாய் தெறக்காத ஒரு பையன், அவன் ஊருக் கொடையில (கோயில் திருவிழாவுல) சாமியாடுற குடும்பம், அவன் எந்திரிச்சு "டீச்சர், இங்க வரைக்கும் அவன் பாத்துக்கிட்டு இருக்கான், இங்கருந்து அவன் அவனா இல்ல"ன்னு ரெண்டு வரிக்கு நடுவுல விரல வச்சான். நான் போயி அந்த எடத்தப் பாத்தேன். சரியா அங்க தான் கதை மாறுது. அவன் பேப்பர்ல ‘உச்சம்’னு எழுதத் தெரியாது, ஆனா எங்க இருக்குன்னு தெரியுது, பேரு நான் அடுத்த வாரம் சொல்லிக்குவேன்.

டீச்சர்மார் யாராவது போகணும்னா பிள்ளைங்களோட சேந்து உக்காருங்க, தனியா டீச்சர்ஸ்க்குன்னு வேணாம், ஐயாவும் அதத் தான் விரும்புறாரு. நம்ம பதில் சொல்லிட்டோம்னா பிள்ளைங்க வாய மூடிக்குதுங்க அதனால மொத ரெண்டு வாரம் எதுவும் பேசாதீங்கன்னு எங்கிட்ட முன்னாடியே சொல்லிட்டாரு, அது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு, ஆனா சரியான சட்டம்.

அடுத்த பேட்ச் முழுப்பரீட்சை முடிஞ்சதும் ஆரம்பிக்குது. இருபத்தஞ்சு பேருக்கு மேல எடுக்க மாட்டாரு. பன்னெண்டாவது முடிச்ச பிள்ளைங்களும் வரலாம், காலேஜ்ல தமிழ் எடுக்கப் போறவங்களுக்கு இது கண்டிப்பா உபயோகப்படும். ஒம்பதாவது பிள்ளைங்கள சேக்குறீங்கன்னா ஏழாவது வாரத்துக்கு மட்டும் கொஞ்சம் கூட இருந்து தைரியம் சொல்லுங்க. மொத வாரத்துக்கான கதைய முன்னாடியே ஜெராக்ஸ் குடுத்துருவாங்க, வீட்லயே ரெண்டு தடவ வாசிக்க வச்சுக் கூட்டிட்டுப் போங்க, ரெண்டாவது தடவ சத்தமா. உள்ள நொழைஞ்சதும் ஐயா கேக்குற மொத கேள்வி, "எங்க வச்சு நின்ன?"